பூட்டியிருந்த மோட்டார் கொட்டகை

ஐப்பசி, கார்த்திகையில் வருகிற புயலுக்கு எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அது பெயர் வைத்துக்கொண்டு வரும். எங்கே நிற்கிறது, எப்போது கரையைக் கடக்கும் என்று டிவியில் நாள் முழுக்கச் சொல்வார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தைத் திறந்து பாய் விரித்து வைப்போம். மெழுகுவத்தி, பால் பவுடர் எல்லாம் முதல் நாளே கடையில் தீர்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் அடிக்கிற மழைக்கு இதெல்லாம் கிடையாது. மதியம் வரை வெயில் கொளுத்தும். மூன்று மணி சுமாருக்கு மேற்கே கறுக்கும். அரை மணி நேரம் சூறைக்காற்றும் இடியும் மழையுமாக ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விடும். அப்பாடா, பூமி குளிர்ந்தது என்று எல்லோரும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த அரை மணி நேரம் வயலில் இருந்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். திருவையாற்றுக்குக் கிழக்கே, ஒரு வாய்க்கால் ஓரமாக எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. சம்பா அறுவடைக்கு முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போது உளுந்தைத் தெளித்துவிடுவோம். பங்குனிக் கடைசியில் அது பறிப்புக்கு வந்துவிடும். எங்கள் வயலை ஒட்டினாற்போல் என் கணவரின் அண்ணன், என் மச்சாண்டாருடைய வாழைத் தோப்பு. இரண்டு நிலத்துக்கும் சேர்த்து ஒரே போர்செட். அதன் மோட்டார் கொட்டகை செங்கல் சுவர் வைத்துத் தளம் போட்டது. பத்துப் பேர் தாராளமாக நிற்கலாம். இரண்டு தடவை செப்புக் கம்பி திருட்டுப் போன பிறகு மச்சாண்டார் அதற்கு இரும்புக் கதவு வைத்து, பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கித் தொங்கவிட்டிருந்தார். சாவி அவர் வீட்டு ஆணியில் இருக்கும். எனக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றால் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வேன். எனக்கென்று ஒரு சாவி கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அது போன வருஷம், தவக்காலத்து வெள்ளிக்கிழமை. உளுந்தை விடியற்காலையில்தான் பறிப்பார்கள், பனி ஈரத்தில் நெற்று வெடித்துச் சிதறாமல் இருக்கும் என்று. அன்றும் ஏழு பெண்கள் இருட்டோடு இறங்கி, பத்தரை மணிக்கெல்லாம் செடி முழுவதையும் பிடுங்கி வயலிலேயே காயப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வந்து போர் போடுவதாகப் பேச்சு. அந்த ஏழு பேரில் ஒருவர், ஆட்களைக் கூட்டி வருகிற அக்கா; அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எங்கள் வயலில் நடவும் களையும் அவர் பொறுப்புதான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனுக்கு எச்சரிக்கை வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இடி மின்னலுடன் மழை பெய்ய வாய்ப்பு என்று. அந்த வாரம் பூராவும் தினமும் வந்துகொண்டிருந்த அதே வாசகம். பட்டுக்கோட்டையில் பெய்தாலும் பாபநாசத்தில் பெய்தாலும் எல்லோருக்கும் அதே வரிதான். ஆனால் அன்று இலை அசையவில்லை. வகுப்பில் பிள்ளைகள் வியர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்று வரும் என்று எனக்குத் தோன்றியது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். மழை வருகிறதாம், எல்லோரையும் அழைத்துக்கொண்டு போய்ச் செடியை அள்ளிப் போர் போட்டுப் படுதாவை இழுத்து மூடிவிடுங்கள் என்றேன். நாளைக்குப் போகலாம் என்று இருந்தோம், பரவாயில்லை, போகிறோம் என்றார்.

மெசேஜில் மின்னல் என்ற சொல்லும் இருந்தது. நான் படித்தவள்தான், அந்தச் சொல்லையும் படித்தேன். என் மண்டையில் ஓடியது உளுந்து மட்டும்தான். நனைந்தால் முளைத்துவிடும், கறுத்துவிடும், ஒருவரும் வாங்க மாட்டார்கள். மழைக்கு முன்னால் வயலை விட்டு ஆளை ஏற்றுவதற்காக வந்த செய்தியை வைத்து, வீட்டில் இருந்த ஏழு பேரை நான் வயலில் இறக்கினேன். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். "நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க" என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மூன்றரைக்குக் காற்று எடுத்தது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் தகரம் ஒன்று பிய்ந்து மைதானத்தில் போய் விழுந்தது. ஜன்னல்களை மூடிப் பிள்ளைகளை நடு அறையில் உட்கார வைத்தோம். அடுத்தடுத்து இடி. ஒன்று மிகவும் பக்கத்தில் விழுந்தது போல் இருந்தது, கரும்பலகை ஆடியது. நாலேகாலுக்கு மழை விட்டது. நாலு இருபதுக்கு எனக்குப் போன் வந்தது.

வயலில் நடந்ததை அந்தப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார்கள். ஆறு பேர் சொன்னதிலும் ஒரு முரண் இல்லை. அவர்கள் போர் போட்டு முடித்துப் படுதாவை மூடும்போதே காற்று வந்துவிட்டது. படுதாவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வரப்பிலிருந்து கல் பொறுக்கி வந்து பாரம் வைத்தார்கள். அதை முடிக்காமல் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. முடித்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குத்தான் ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. கொட்டகைக்குத் தாழ்வாரம் கிடையாது, சுவரை ஒட்டி நின்றால் நனைய வேண்டியதுதான். வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்ததால் தோப்புக்குள்ளும் போக முடியவில்லை. ஒருத்தி அரிவாள் பிடியால் பூட்டைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். பூட்டை உடைத்தால் நாளைக்குக் கம்பி திருட வந்தார்கள் என்று பேர் வரும் என்று பயம். அப்புறம்தான் வாய்க்கால் கரையில் இருக்கிற வாகை மரத்தடிக்குப் போனார்கள்.

மரத்தடியில் நிற்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாதா? அந்த மரத்தைப் பார்த்து அக்கா, "இங்க வேண்டாம்டி" என்று சொன்னதாக இரண்டு பேர் சொன்னார்கள். வேறு எங்கே போவது என்று ஒருத்தி கேட்டதும் அவரும் வந்து நின்றுகொண்டார்.

மின்னல் மரத்தின் உச்சியில் இறங்கியது. அக்கா அடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரைத் தூக்கி வாய்க்கால் சரிவில் போட்டது. இன்னும் இரண்டு பேர் விழுந்து, கொஞ்ச நேரத்தில் தாங்களாகவே எழுந்துவிட்டார்கள். அக்கா எழவில்லை. மூச்சு இருந்தது. வழியில் மரம் விழுந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியவில்லை. செங்கல் ஏற்றுகிற மினி லாரி ஒன்றில் அவரைப் படுக்க வைத்து ஒரு மண் பாதையில் சுற்றி மெயின் ரோடு வரை கொண்டுபோய், அங்கே ஆம்புலன்ஸில் மாற்றினார்கள். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேரும்போது மினி லாரி புறப்பட்டுவிட்டது. மரத்தடியில் ஏழு ஜோடி செருப்பும் தூக்குவாளிகளும் கிடந்தன. என் உளுந்துப் போர் படுதாவோடு, கல்லோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் அழகாக இருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை அக்காவைப் பார்த்தேன். தோளிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கோடுகள், செடியின் வேர் பிரிகிற மாதிரி. அது ஓரிரு நாளில் மறைந்துவிடும், காது பற்றித்தான் இப்போது சொல்ல முடியாது என்றார் நர்ஸ். இடது காலில் கட்டு. என்னைக் கண்டதும் அக்கா எழுந்து உட்காரப் பார்த்தார். காது கேட்காததால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார்.

"உளுந்து நனையலையே டீச்சர்?"

நனையவில்லை என்று தலையை ஆட்டினேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். வராந்தாவுக்கு வந்து நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல் இருந்தது, முதலில் என்னைத்தான்.

அன்று மதியம் வயலுக்குப் போனபோது அங்கே ஒரு ஜீப் நின்றது. சூறைக்காற்றில் சாய்ந்த வாழையைக் கணக்கெடுக்க ஆபீசிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மச்சாண்டார் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் நஷ்டம் பொய்யில்லை. குலை தள்ளிய மரங்கள் பாதிக்கு மேல் ஒடிந்து கிடந்தன, அந்த மனுஷர் ஓர் இரவில் பத்து வயது கூடியவர் போல் இருந்தார். ஒடிந்த வாழைகளுக்கு நடுவே அவரை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முந்தின நாள் விழுந்து எழுந்த இரண்டு பெண்களும் தங்கள் செருப்பையும் தூக்குவாளியையும் எடுக்க வந்து வரப்பில் நின்றிருந்தார்கள். படத்தில் விழுகிறார்கள், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றார் போனைப் பிடித்திருந்தவர். அவர்களும் தள்ளி நின்றார்கள்.

நான் அவரிடம் போய், நேற்று இதே இடத்தில் மின்னல் விழுந்து ஒரு பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அதை எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் பயிர்ச் சேதத்துக்கு வந்திருக்கிறோம், மனிதர்கள் விஷயம் வேறு ஆபீஸ் என்றார்.

அந்த வேறு ஆபீஸ் திங்கட்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கே வந்தது. ஊருக்குப் பொறுப்பான அலுவலர், நடுத்தர வயசுக்காரர், களைத்துப் போயிருந்தார். கூடவே மச்சாண்டாரும் வந்தார். அறிக்கை ஏற்கெனவே எழுதியிருந்தது, நிலத்துக்காரி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். காபி கொடுத்துவிட்டுப் படித்தேன். முறையான முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், மேற்படி பெண்மணி அஜாக்கிரதையாக மரத்தடியில் ஒதுங்கியபோது மின்னல் தாக்கியது என்று இருந்தது.

பேனாவை மூடி வைத்தேன். எச்சரிக்கை யாருக்கு விடுக்கப்பட்டது என்று கேட்டேன். எல்லோர் போனுக்கும் வந்ததே என்றார். அக்காவிடம் இருப்பது பட்டன் போன், அதில் வந்திருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. வந்தது எனக்கு. நான் அதை வைத்து என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். கொட்டகை பூட்டியிருந்ததையும் சொன்னேன். இந்த இரண்டையும் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

மச்சாண்டார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். இருபது வருஷத்தில் என்னிடம் குரல் உயர்த்தாதவர்.

"பூட்டுன்னு எழுதினா நாளைக்கு என் மேல கேஸு வரும்மா. நம்ம குடும்பத்தை நீயே ஸ்டேஷன்ல கொண்டுபோய் நிறுத்துவியா?"

"என் பேரை முதல்ல எழுதச் சொல்லுங்க அத்தான். அவங்களை வயல்ல இறக்கினது நான்தான். உங்க பூட்டு அதுக்கு அடுத்து வரட்டும்."

"இடி விழுந்ததுக்கு நாம என்னம்மா பண்றது? அது ஆண்டவன் செயல்."

"இடிதான் ஆண்டவன் செயல். பூட்டு நாம வாங்கினது."

அலுவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அஜாக்கிரதை என்பது வழக்கமாகப் போடுகிற வார்த்தை, அதில் தப்பாக ஒன்றும் இல்லை என்றார். அந்த வழக்கத்தைக் கேட்டபோதுதான் எனக்கு அடக்க முடியாமல் கோபம் வந்தது. எத்தனை பேர் விஷயத்தில் அது வழக்கமாகப் போடப்பட்டிருக்கிறது? எத்தனை வீட்டில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்? படுதாவைப் பிடித்துக்கொண்டு சூறைக்காற்றில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அஜாக்கிரதை என்று பட்டம். ஜாக்கிரதையாக இருந்தவர்கள் நாங்கள், ஒருவர் கம்பிக்கு, ஒருவர் உளுந்துக்கு. இதை நான் அப்படியே அவரிடம் சொன்னேன். மச்சாண்டார் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். அலுவலர் அறிக்கையை மடித்து வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சொல்லுங்க டீச்சர் என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். அஜாக்கிரதை என்ற சொல் அதில் இல்லை. அந்தத் தாளுக்கு மேலிடத்தில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. என் கையெழுத்து இருப்பது அதில்தான்.

மஸ்கட்டிலிருந்து கணவர் கூப்பிட்டார். அண்ணன் அவருக்கு முன்கூட்டியே போன் செய்திருந்தார். முதலில் என்னைக் கோபித்துக்கொண்டார். நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, தானும் அந்தக் கொட்டகைக்கு ஒரு சாவி கேட்டதில்லை என்றார்.

அக்கா இரண்டு வாரத்தில் வீடு திரும்பினார். இடது காது போய்விட்டது. சித்திரையில் ஊர்ப் பொதுக்கூடத்தில் இடி மின்னல் விழிப்புணர்வு முகாம் என்று ஒன்று நடத்தினார்கள். எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அக்காதான், ஆனால் அவரை யாரும் அழைக்கவில்லை. நான் அழைத்துப் போனேன். மச்சாண்டார் முன் வரிசையில் இருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு இளைஞர் நல்ல படங்கள் போட்டுக் காட்டினார். மரத்தடியில் நிற்காதீர்கள், திறந்த வெளியில் நிற்காதீர்கள், உடனே பாதுகாப்பான கட்டடத்துக்குள் போய்விடுங்கள் என்றார். சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றதும் அக்கா எழுந்தார். வலது காதை அந்த இளைஞர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"கட்டடம்னு சொன்னீங்களே சார். எங்க வயல்லேருந்து பாத்தா அது எந்தக் கட்டடம்?"

பக்கத்தில் இருக்கிற வீடு, பள்ளிக்கூடம், எதுவாக இருந்தாலும் சரி என்றார் அவர்.

"வரப்பு மேல ஓடி வந்தா கால் மணி நேரம் ஆவும் சார். பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. அது பூட்டியிருக்கு."

அந்த இளைஞருக்கு விஷயம் தெரியாது, யாராவது சொல்வார்களா என்று சுற்றிப் பார்த்தார். அக்கா மச்சாண்டாரைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொன்னார். குரலில் சண்டை இல்லை.

"உள்ள ஒரு இரும்புப் பொட்டி வெச்சு கம்பியையும் ஸ்டார்ட்டரையும் அதுல பூட்டிக்குங்கய்யா. கதவை விட்டுடுங்க."

மச்சாண்டார் தலையைக் குனிந்துகொண்டார். சித்திரைக் கடைசியில் ஒரு நாள் நான் வயலுக்குப் போனபோது கொட்டகையின் இரும்புக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே சுவரில் புதிதாக ஒரு பெட்டி, அதில் பூட்டு. அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அக்காவிடமும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கொல்லர் பட்டறையில் அரை நாள் வேலை. இவ்வளவு சின்ன விஷயம் என்பதுதான் என்னை இன்றைக்கும் பொறுக்க விடாமல் செய்கிறது. பெரிய அணை கட்டச் சொல்லவில்லை, சட்டம் போடச் சொல்லவில்லை. ஒரு பெட்டி. அதற்கு ஒரு பெண்ணின் காது வேண்டியிருந்தது.

இந்தப் பங்குனியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். எச்சரிக்கை வந்தால் நான் அக்காவைக் கூப்பிடுவேன், வேலையை நிறுத்தச் சொல்ல மட்டும். முதல் இடிச் சத்தம் கேட்டால் என்னைக் கேட்காமலேயே எல்லோரும் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. போர் பாதியில் நிற்கும்போது தூரத்தில் ஒரு உறுமல். அக்காவுக்கு அது கேட்கவில்லை, மற்றவர்கள் தோளைத் தட்டிச் சொன்னார்கள். ஏழு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உளுந்தில் பாதி நனைந்து கறுத்துப் போனது. போகட்டும்.

நேற்று நாலு வயல் தள்ளி நிலம் வைத்திருக்கிறவர் பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். எங்கள் வயல் பெண்களைப் பார்த்து அவர் வயல் பெண்களும் இடிச் சத்தம் கேட்டால் வரப்பேறிவிடுகிறார்களாம். இப்படிப் பழக்கிவிட்டால் விவசாயம் பண்ண முடியுமா, நான் கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். உங்கள் மோட்டார் கொட்டகை திறந்திருக்கிறதா என்று நான் கேட்டேன்.

"அதை எதுக்குத் திறக்கணும்? உள்ள மோட்டார் இருக்கு டீச்சர்."

"வெளிய ஆளு இருக்காங்கல்ல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நாளை மறுநாள் அவர் வயலில் எள் அறுக்க ஆள் இறங்குகிறது. அக்கா இன்று காலையே அந்தப் பெண்களைப் பார்க்க அவர்கள் தெருவுக்குப் போயிருக்கிறார். நாளைக் காலை நானும் அந்த மனுஷர் வீட்டுக்குப் போகப் போகிறேன். காபி கொடுத்தாலும் குடிக்கப் போவதில்லை, சாவியைத்தான் கேட்கப் போகிறேன்.